சின்னமும் புள்ளடியும்: யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தேர்தற் பிரசார வரலாற்றிற் சில கட்டங்கள்

தேர்தல் முடிவுகளை ஆராய்ந்தோர் நம்மிடையே பலர் உளர். தேர்தற் பிரசாரத்தை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. பெற்ற ஆசனங்கள் எத்தனை, வாக்குகள் எத்தனை என்பன அரசாங்க அறிக்கைகளிற் பதிவாகியுள்ளன. ஆனால் அவ்வாக்குகளைக் கேட்டவர்கள் எச்சொற்களாற் கேட்டனர், எவ்விடத்தில் நின்று கேட்டனர், யாரை நோக்கிக் கேட்டனர், யாரைப் பொருட்படுத்தாது விட்டனர் என்பன போன்ற வினாக்களுக்கு அவ்வறிக்கைகளில் விடையில்லை. ஒலிபெருக்கி கட்டிய ஏ-நாற்பது காரிலிருந்து வீசப்பட்ட துண்டுப் பிரசுரங்களைச் சிறுவர்கள் ஓடி ஓடிப் பொறுக்கினர். மறுநாள் அவை கடையிற் சரை சுற்றப் பயன்பட்டன. அவற்றோடு சமூக வரலாற்றின் ஒரு பகுதியும் போய்விட்டது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்துறை ஒரு தனி ஆய்வுக் கிளையாகவே வளர்ந்துள்ளது. 1840ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹரிசனைக் குடிசையிற் குந்தியிருந்து மது அருந்தத் தக்கவர் என எதிரணிப் பத்திரிகையொன்று எள்ளி நகையாடியது. அவருடைய கட்சியினரோ அந்த மரக்குற்றிக் குடிசையையே தம் சின்னமாக்கி ஊர்வலங்களில் இழுத்துச் சென்றனர். வேர்ஜினியாவின் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தவர், ஏழைக் குடியானவராக வேடமிட்டு வெற்றி பெற்றார். 1952இல் ஐசனோவர் தொலைக்காட்சியிற் குறு விளம்பரங்களாகத் தோன்றினார். 1964 செப்ரெம்பர் 7ஆம் நாள், பூவிதழ்களை எண்ணிக் கிள்ளும் ஒரு சிறுமியையும் அதனைத் தொடர்ந்து அணுக்குண்டு வெடிப்பையும் காட்டிய ஜோன்சனின் விளம்பரம் கட்டணம் செலுத்தப்பட்டு ஒரே ஒரு முறைதான் ஒளிபரப்பாயிற்று. அதில் எதிரியான கோல்ட்வாட்டரின் பெயர்கூட உச்சரிக்கப்படவில்லை. இவையெல்லாம் அங்கே நூல்நிலையங்களிற் பேணப்படுகின்றன. நம் குடாநாட்டின் நிலையோ வேறு. 97,000 நூல்களும் ஏடுகளும் பத்திரிகைத் தொகுதிகளும் கொண்டிருந்த யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் 1981ஆம் ஆண்டில் எரியூட்டப்பட்டதே ஒரு தேர்தற் பிரசாரத்தின் நடுவில்தான். ஆகவே இங்கு நாம் செய்யக்கூடியது சில கட்டங்களைத் தொட்டுக்காட்டுவது மட்டுமே.

குடாநாட்டின் முதலாவது பெரும் தேர்தற் பிரசாரம் வாக்குக் கேட்ட பிரசாரமன்று; வாக்கு வேண்டாமென்ற பிரசாரம். டொனமூர் அரசியற்றிட்டம் 1931இல் சர்வசன வாக்குரிமையை வழங்கியது. ஆனால் முழுச் சுயராச்சியத்தை வழங்கவில்லை. இதனைக் காரணங்காட்டி, ஹன்டி பேரின்பநாயகத்தின் தலைமையில் இயங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அறைகூவியது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய அவ்வியக்கம் 1927இற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்த பெருமையுடையது. சாதி வேறுபாட்டை எதிர்த்தது. தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தியது. இலங்கை முழுவதற்குமான விடுதலையை வேண்டியது. அதன் பிரசாரத்தின் ஆற்றலை ஒரு செய்தியால் அளவிடலாம். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்ய ஒருவர்தானும் முன்வரவில்லை. தேர்தலில் நிற்பதையே தம் பிறப்புரிமையெனக் கருதியிருந்த பிரமுகர்களும் ஒதுங்கினர். பணமுமின்றி, ஒலிபெருக்கியுமின்றி, பாடசாலை ஆசிரியர்களும் மாணவர்களும் மேடையையும் பத்திரிகையையும் மட்டும் துணைக்கொண்டு இதனைச் சாதித்தனர்.

இச்சாதனையை வியப்போர் அதன் மறுபக்கத்தை நோக்குவதில்லை. தெற்கிலிருந்து எதிர்பார்த்த ஒத்துழைப்புக் கிட்டவில்லை; சிங்களத் தலைவர்கள் தேர்தலிற் போட்டியிட்டு அமைச்சர்களாயினர். நான்கு ஆசனங்களும் 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை வெறுமையாய்க் கிடந்தன என்பது பலரும் எழுதியதே. நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. சர்வசன வாக்குரிமை வந்ததால் யாழ்ப்பாணத்தில் மிகுந்த நன்மையடையவிருந்தோர் யாவர்? பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே. இராமநாதன் முதலான மரபுத் தலைவர்கள் இவ்வுரிமையை எதிர்த்ததன் காரணமும் அதுவேயாகும். 1929, 1930ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமர்வதற்கே கலகம் நிகழ்ந்த ஒரு சமூகத்தில், சம வாக்கு என்பது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த மாற்றத்தை மனமார வரவேற்றிருக்க வேண்டிய முற்போக்கு இளைஞர்களின் பிரசாரமே அம்மக்கள் தம் முதல் வாக்கை இடுவதை மூன்றாண்டுகள் பிற்போட்டது. காங்கிரசாரின் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆயின் பகிஷ்கரிப்பினால் எதை இழப்போம் என்ற வினா எழுந்தபோது, அவர்கள் கணக்கிட்டது ஆசனங்களையே. சேரியிலிருந்த புதிய வாக்காளனை அன்று.

1931, 1936 தேர்தல்களில் வேட்பாளர்கள் நிறங்களால் அடையாளங் காணப்பட்டனர். வாக்குப் பெட்டிகளுக்கு நிறந்தீட்டப்பட்டது. பின்னர் நிறங்களின் இடத்தைச் சின்னங்கள் பிடித்தன. எழுத்தறிவில்லாதோருக்கென ஏற்பட்ட இவ்வொழுங்கு, எழுத்தறிவு மிகுந்த யாழ்ப்பாணத்தில் அரசியல் மொழியையே மாற்றியமைத்தது எனலாம். தமிழ்க் காங்கிரசுக்குச் சைக்கிள், தமிழரசுக் கட்சிக்கு வீடு, சமசமாசிகளுக்குத் திறப்பு, கம்யூனிஸ்டுகளுக்கு நட்சத்திரம், ஐக்கிய தேசியக் கட்சிக்கு யானை, சுதந்திரக் கட்சிக்குக் கை. வாக்குச் சீட்டிலே இடும் குறியைப் ‘புள்ளடி’ என்ற அழகிய சொல்லால் நம் மக்கள் வழங்கினர். கட்சியின் கொள்கையை விளக்க ஒரு மணி நேரம் பேசிய பேச்சாளரும் ஈற்றிற் புள்ளடியை எதற்கு நேரே இடுவது என்பதிலேயே முடித்தார். வீடு என்பது குடும்பமுமாகும், தாயகமுமாகும். திறப்பு இல்லாமல் வீட்டைத் திறப்பதெப்படி என இடதுசாரி கேட்க இடமிருந்தது. யானை புகுந்த வீடு என்னாகும் எனத் தமிழரசுக் கட்சியார் கேட்கவும் இடமிருந்தது. விளையாட்டாகத் தோன்றும் இச்சிலேடைகளின் ஊடாகவே சின்னம் கொள்கையின் சுருக்கமாகவும், காலப்போக்கிற் கொள்கைக்குப் பதிலாகவும் மாறிற்று.

1947ஆம் ஆண்டுத் தேர்தல் ஆகஸ்ட் 23 முதல் செப்ரெம்பர் 20 வரை பத்தொன்பது வாக்களிப்பு நாள்களில் நடைபெற்றது. அதில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் யாழ்ப்பாணத் தொகுதியில் அருணாசலம் மகாதேவாவை எதிர்த்து நின்றார். இது குடாநாட்டு மேடையின் பொற்காலத் தொடக்கமாக இன்றும் பேசப்படுகிறது. ஒருபுறம் அருணாசலத்தின் மைந்தர், அமைச்சர் பதவி வகித்தவர். மறுபுறம் நீதிமன்றத்திற் குறுக்கு விசாரணைக்குப் புகழ்பெற்ற வழக்கறிஞர். பொன்னம்பலம் மேடையையும் நீதிமன்றமாகவே நடத்தினார். மகாதேவா குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். ‘ஐம்பதுக்கு ஐம்பது’ என்ற இரு சொற்கள் ஒரு முழு அரசியற்றிட்டத்தையும் உள்ளடக்கிய விளம்பரமாயின. குடாநாட்டின் ஏழு தொகுதிகளுள் ஆறினைத் தமிழ்க் காங்கிரஸ் கைப்பற்றியது. ஓராண்டு கழிந்ததும் பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்தார். தேர்தலிற் சொல்லப்பட்டதற்கும் பின்னர்ச் செய்யப்பட்டதற்கும் இடையேயான இவ்விடைவெளியிலிருந்தே 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது.

1952 தேர்தலை நாம் விரிவாக நோக்குவதில்லை. ஆனால் அது ஒரு முக்கிய உண்மையை வெளிப்படுத்திற்று. காங்கேசன்துறையிற் சமஷ்டியை முன்வைத்த எஸ். ஜே. வி. செல்வநாயகம், ஐக்கிய தேசியக் கட்சியைச் சேர்ந்த சு. நடேசனிடம் தோல்வியுற்றார். புதிதாக எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை கண்ணுக்குத் தெரிந்தது, சமஷ்டி தெரியவில்லை. நான்காண்டுகளின் பின் தனிச் சிங்களக் கோஷம் தெற்கில் எழுந்தபோது அதே தொகுதி அவரைப் பெரும்பான்மையாகத் தெரிவு செய்தது. ஆகவே தமிழரசுக் கட்சியின் மிகச் சிறந்த பிரசாரகர் தெற்கிலிருந்த சிங்களக் கட்சிகளே என்றால் அது மிகையன்று. இருந்தும் அதே 1956இற் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்டான பொன். கந்தையாவைத் தெரிவு செய்ததை வரலாற்றாசிரியர் பலர் அடிக்குறிப்பாகவே கடந்து செல்வர். மொழியுரிமையும் சாதியொழிப்பும் ஒரே மேடையிற் பேசப்படக் கூடியவை என்பதற்கு வடமராட்சி அளித்த சான்று அது. அடிக்குறிப்பிற்குரியதன்று.

அறுபதுகளின் மேடை பட்டங்களின் மேடையுமாகும். தந்தை, தளபதி, இரும்பு மனிதன், அடங்காத் தமிழன், உடுப்பிட்டிச் சிங்கம், சொல்லின் செல்வர் என்பன தலைவர்களின் பெயர்களையே மறைத்தன. அமெரிக்கர் தம் வேட்பாளரை ‘நேர்மையான ஏப்’ என்றும் ‘ஐக்’ என்றும் சுருக்கித் தம்மோடொத்தவராக்கினர். நாம் நம்மவரை நீட்டி உயர்த்தினோம். தமிழ்நாட்டுத் திராவிட இயக்கத்தின் செல்வாக்கு இதில் வெளிப்படை. எழுபதுகளிற் கூட்டணி ஏற்ற உதயசூரியன் சின்னமும் அங்கிருந்தே நமக்குப் பழக்கமானது. மங்கையர்க்கரசி அமிர்தலிங்கம் பாடத் தொடங்கினாற் கூட்டம் தொடங்கிற்று என்பது அன்றைய வழக்கம். எழுபதுகளின் நடுப்பகுதியில் இளைஞர்கள் தம் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தத் திலகமிட்டனர். இதனை மேடையில் நின்று ஏற்றுக்கொண்ட பாராளுமன்றவாதிகள், அத்திலகம் தம்மிடம் எதைக் கேட்கிறது என்பதைச் சிந்தித்தனரா என்பது ஐயத்துக்குரியது.

இக்காலப் பிரசாரத்தின் மையச் சொல் ‘ஆணை’ என்பதாகும். 1972 அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை எனக் காட்டுவதற்காகச் செல்வநாயகம் தம் ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தலை அரசாங்கம் 1975 பெப்ரவரி 6 வரை இழுத்தடித்தது. அவர் 25,927 வாக்குகளும், எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் 9,457 வாக்குகளும் பெற்றனர். அதன்பின் 1976 மே மாத வட்டுக்கோட்டைத் தீர்மானமும், 1977 யூலைத் தேர்தலும் வந்தன. அத்தேர்தலைத் தனிநாட்டுக்கான சர்வசன வாக்கெடுப்பாகக் கொள்ளுமாறு கூட்டணி கேட்டது. வடமாகாணத்தின் பதினான்கு ஆசனங்களும் அதற்கே கிடைத்தன. தேர்தல் என்பது பலவற்றுள் ஒன்றைத் தெரிவதன்று, ஒன்றுக்கு ஆம் எனச் சொல்வதே என்ற நிலை இங்ஙனம் உருவாயிற்று. கல்வித் தரப்படுத்தலும், மொழிப் புறக்கணிப்பும், வன்செயல்களும் இந்நிலையைத் தோற்றுவித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ‘ஆணை’ என்ற சொல் தோட்டத் தொழிலாளர், கமக்காரர், கள்ளிறக்குவோர், கடற்றொழிலாளர் எனப் பல குரல்களை ஒரே குரலாக்கியதையும் நாம் காணத் தவறலாகாது. ஒன்றை மட்டும் நன்மையாகக் குறிப்பிடலாம். உடுப்பிட்டியில் த. இராசலிங்கத்தைக் கூட்டணி நிறுத்தியமையால், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் குடாநாட்டு மக்களின் வாக்குகளாற் பாராளுமன்றம் சென்றார். வாக்குரிமை கிடைத்து நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1981 யூன் 4ஆம் நாள் நடந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலின் பிரசாரத்தைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. மே மாதத்தில் ஐக்கிய தேசியக் கட்சியின் முதன்மை வேட்பாளர் ஆ. தியாகராசா சுட்டுக் கொல்லப்பட்டார். மே 31இல் நாச்சிமார் கோயிலடியில் நடைபெற்ற கூட்டணியின் தேர்தற் கூட்டத்திற் பொலிசார் சுடப்பட்டனர். அதனைத் தொடர்ந்து நூலகமும், ஈழநாடு பத்திரிகை அலுவலகமும், கடைகளும் எரிந்தன. எரிந்த நகரில் வாக்களிப்பு நடந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் பத்து இடங்களையும் கூட்டணியே பெற்றது.

நாம் சற்று நின்று நோக்க விரும்பும் ஆண்டு 1982. இலங்கையின் முதலாவது சனாதிபதித் தேர்தல் அவ்வாண்டு ஒக்ரோபர் 20இல் நடந்தது. அமெரிக்க, பிரெஞ்சு முறைகளை நினைவூட்டும் ஒரு பதவிக்கு முழு நாடும் ஒரே தொகுதியாயிற்று. தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிடவுமில்லை, எவரையும் ஆதரிக்கவுமில்லை. தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் சைக்கிள் சின்னத்தில் நின்றார். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமை பறிக்கப்பட்டிருந்தமையாற் சுதந்திரக் கட்சி ஹெக்ரர் கொப்பேகடுவாவை நிறுத்திற்று. யாழ்ப்பாண மாவட்டத்தின் முடிவு பின்வருமாறு அமைந்தது: குமார் பொன்னம்பலம் 87,263, கொப்பேகடுவா 77,300, ஜே. ஆர். ஜயவர்த்தனா 44,780. எஞ்சிய இடதுசாரி வேட்பாளர் மூவரும் சேர்ந்து ஒன்பதினாயிரத்துக்கும் குறைவாகவே பெற்றனர். பதிவு செய்யப்பட்ட வாக்காளரிற் பாதிக்கும் குறைவானோரே வாக்களித்தனர்.

இவ்வெண்களுள் வியப்புக்குரியது கொப்பேகடுவா பெற்ற வாக்கே. 1972 அரசியலமைப்பையும் தரப்படுத்தலையும் கொண்டுவந்த அரசாங்கத்தின் அமைச்சர் அவர். ஐந்தாண்டுகளுக்கு முன் தனிநாட்டுக்கு ஆணை வழங்கிய அதே மாவட்டத்தில், மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட வாக்குகளை அவர் எவ்வாறு பெற்றார்? விடை மேடையில் இல்லை, தோட்டத்திலிருக்கிறது. 1970 முதல் 1977 வரை அவர் விவசாய, காணி அமைச்சராயிருந்த காலத்தில் இறக்குமதித் தடை காரணமாகச் செத்தல் மிளகாயும் வெங்காயமும் உயர்ந்த விலைக்குப் போயின. புன்னாலைக்கட்டுவனிலும் இடைக்காட்டிலும் உரும்பிராயிலும் செம்மண் தோட்டங்களில் நீரிறைக்கும் யந்திரங்கள் ஓயாது இயங்கின, கல்வீடுகள் எழுந்தன, வெளியே உத்தியோகம் தேடிய பிள்ளைகள் சிலர் மண்வெட்டியைக் கையிலெடுத்தனர். 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது, இறக்குமதி வெங்காயமும் மிளகாயும் சந்தைக்கு வந்தன, விலை விழுந்தது. ஆகவே கொப்பேகடுவாவுக்கு யாழ்ப்பாணத்தில் விளம்பரம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கமக்காரனும் தன் கணக்குக் கொப்பியிலே அவ்விளம்பரத்தை வைத்திருந்தான். இனவுணர்வு வர்க்க நலனை முற்றாக விழுங்கிவிட்டது என்போரும், வர்க்க நலன் மட்டுமே உண்மை என்போரும் இம்முடிவை ஒருங்கே சந்திக்க வேண்டியவராவர். அதே வாக்காளர் இரண்டையும் சுமந்து நின்றார். கேட்கப்பட்ட வினாவுக்கேற்ப விடையளித்தார்.

இதற்கான சான்று இரண்டே மாதங்களிற் கிடைத்தது. பொதுத் தேர்தல் நடத்தாது பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டுகள் நீடிப்பதற்காக 1982 டிசம்பர் 22இல் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. நீடிப்புக்கு ஆம் என்போருக்கு விளக்கும், இல்லை என்போருக்குக் குடமும் சின்னங்களாயின. தமிழர் வீட்டு வாசலிலே நிறைகுடமும் குத்துவிளக்கும் ஒருங்கே வைக்கப்படும் மங்கலப் பொருள்கள். அவற்றைப் பிரித்து எதிரெதிரே நிறுத்தியது அரசாங்கம். நாடு முழுவதிலும் நூற்றுக்கு 54.66 வீத வாக்குகளால் விளக்கு வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திற் செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குடத்துக்கே விழுந்தன. ஒக்ரோபரில் மூன்றாகப் பிரிந்தவர்கள் டிசம்பரில் ஒன்றாயினர். இம்முறை அவர்கள் பாதுகாக்க நின்றது தனிநாட்டையன்று. தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்ற உரிமையையே. இலங்கையின் சனநாயக வரலாற்றை எழுதுவோர் இவ்வாக்கை யாழ்ப்பாணத்தின் பிரிவினைக் கணக்கிற் சேர்க்காது, அதற்குரிய இடத்திற் சேர்த்தல் வேண்டும்.

போர்க்காலத்தை நாம் விரைந்து கடக்கிறோம். ஆயினும் ஒரு நிகழ்ச்சி 1931ஐ நினைவூட்டுவதால் அதனைக் கூறாதிருக்க முடியாது. 2005 நவம்பர் சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு 1.2 வீதத்தினர் மட்டுமே. விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பு அதற்குக் காரணம். நாடளாவிய வெற்றி வித்தியாசம் 180,786 வாக்குகள்; ஆகவே வாக்களியாமை முடிவைத் தீர்மானித்தது எனப் பலர் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். இரண்டு பகிஷ்கரிப்புகளையும் ஒரே மரபாகக் காண்பது தவறு. 1931இற் பகிஷ்கரிப்பை எதிர்த்து எழுதியவர்கள் எழுதினர், பேசியவர்கள் பேசினர். வாலிபர் காங்கிரஸ் அவர்களோடு வாதிட்டு வென்றது. 2005இல் வாதமே நடக்கவில்லை. வாக்குச் சாவடிக்குப் போகாதவர் இணங்கிப் போகாதிருந்தாரா, அஞ்சிப் போகாதிருந்தாரா என்பதை அந்த 1.2 வீதத்திலிருந்து எந்த ஆய்வாளரும் பிரித்தெடுக்க முடியாது. பிரசாரம் இல்லாத இடத்திற் புள்ளிவிபரம் ஊமையாகிறது.

சின்னத்தின் வலிமைக்கு ஈற்றில் இரு செய்திகள். 2004இல் உதயசூரியன் யாருக்குரியது என்ற வழக்கு வீ. ஆனந்தசங்கரிக்குச் சாதகமாயமைந்ததால், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பழைய வீட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. ஒரு தலைமுறை மறந்திருந்த வீட்டுச் சின்னத்தைச் சில வாரங்களுக்குள் மக்களுக்கு மீண்டும் பழக்க வேண்டியிருந்தது. வடக்குக் கிழக்கெங்கும் அது பலித்தது. 2024 செப்ரெம்பர் 21 சனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனுக்குச் சங்கு சின்னமாயிற்று. கோயிலிலும் ஒலிப்பது சங்கு. செத்தவீட்டிலும் ஒலிப்பது சங்கு. இதைவிடப் பகிடிக்கு இடம்வைத்த சின்னத்தை எதிரிகளும் தேடிக் கொடுத்திருக்க முடியாது. நாடு முழுவதிலும் 226,343 வாக்குகள் பெற்ற அவர், யாழ்ப்பாண மாவட்டத்திற் சஜித் பிரேமதாசாவுக்கு அடுத்த இடத்திலேயே வந்தார். அதே ஆண்டு நவம்பர் பொதுத் தேர்தலில் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்று, தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குச் சென்றன.

இவ்விரு தேர்தல்களின் பிரசாரம் பெரும்பாலும் கைத்தொலைபேசித் திரையிலேயே நடந்தது; பொறுக்கியெடுக்கத் துண்டுப் பிரசுரம் அதிகமில்லை. பழையவை சில இன்னும் வீட்டுப் பெட்டகங்களிலும், பழைய பாடப் புத்தகங்களின் அட்டைகளுக்குள்ளும் இருத்தல் கூடும். குறிப்பாக 1982 டிசம்பரில் அச்சான குடம், விளக்குப் பிரசுரங்களையும், 1956ஆம் ஆண்டு வடமராட்சியில் வெளியான நட்சத்திரப் பிரசுரங்களையும் வைத்திருப்போர், அவற்றின் படிகளையேனும் பல்கலைக்கழக நூலகத்துக்கு அளித்துதவ வேண்டுகிறோம்.